கதவில் வைத்த கறுப்புக் கட்டம்

போன கிழமை நம் பத்திரிகையிலிருந்து உங்களில் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். விளையாட்டுப் பக்கத்தில் பழைய கார்ப் பந்தயங்களைப் பற்றி ஒரு கட்டுரை போடப்போகிறீர்களாம். கிடைத்த படங்களில் எல்லாம் காரின் முன்னாலும் பின்னாலும் சிகரட் பெயர். “மறைக்கிறதோ, அப்பிடியே போடுறதோ, சேர்? சட்டம் என்ன சொல்லுது?” என்று கேட்டார். சட்டத்தைச் சட்டத்தரணியிடம் கேளுங்கள், ஓய்வு பெற்று வெள்ளவத்தையில் மருந்துக் குளிசைகளோடு இருக்கிறவனை ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

யோசிக்க ஒன்றுமில்லை. நான் ஒரு தடவை மறைத்தவன். அந்தக் கதையை இந்தக் காரியாலயத்தில் நான் யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. பாதி வெட்கம், பாதி எரிச்சல். இத்தனை வருஷத்துக்குப் பிறகு வெட்கம் குறைந்திருக்கிறது, எரிச்சல் குறையவில்லை. ஆகவே எழுதிவிடுகிறேன். கட்டுரை போட முன்னர் வாசியுங்கள்.

சிகரட் விளம்பரங்களைத் தடைசெய்யும் சட்டம் வந்த புதிது. போர் மறுபடி மூண்டிருந்த காலமும் அதுதான். முன்பக்கம் முழுக்கக் குண்டு, காணாமற்போனோர், பாதை மூடல். கடைசிப் பக்கம் என்னுடைய விளையாட்டுப் பக்கம். அதைத்தான் நிம்மதியாக வாசிக்கிறோம் என்று வாசகர்கள் கடிதம் எழுதுவார்கள். அந்தப் பக்கத்தில் வாரம் ஒரு தடவையாவது வெளிநாட்டுச் செய்தி நிறுவனம் அனுப்பும் பந்தயக் கார்ப் படம் வரும். படத்தில் ஓட்டுநரின் முகம் கடுகளவு, சிகரட் பெயர் பூசணிக்காயளவு.

நான் இருபது வருஷம் ஊதித் தள்ளியவன். விட்ட பிறகு மற்றவன் ஊதுவதைப் பொறுக்க முடியாத ஆளாகிவிட்டேன். விட்டவனுக்கு வரும் வீறாப்பு இருக்கிறதே, அது சிகரட்டைவிடப் பொல்லாதது. என் வாரப் பத்தியில் இந்தக் கார்களைத் திட்டித் தீர்ப்பேன். எங்கள் விளம்பர முகாமையாளருக்கு அது பிடிக்காது. சிகரட் விளம்பரம் நின்று அவர் ஏற்கெனவே நொந்து போயிருந்தார்.

“உது செய்தி, ஐசே, விளம்பரமில்லை” என்பார். “கார்ல எழுதிக் கிடக்கிறதுக்கு நாங்கள் காசு வாங்கினனாங்களோ?”

“வாங்கேல்லை. அதுதானே என்ர வயித்தெரிச்சல். நாங்கள் சும்மா போட்டுக்குடுப்பம் எண்டுதான் அவங்கள் கார்ல எழுதுறாங்கள்.”

“அவங்கட காசு இல்லாட்டி இந்த நாட்டில கார் ரேஸே ஓடாது, பாருங்கோ.”

“ஓடாட்டி ஓடாமப் போகட்டும்!”

இதைச் சொன்னபோது கார்ப் பந்தயத்தில் ஓடுகிற ஒருவரைக்கூட எனக்கு நேரில் தெரியாது. பந்தயம் என்றால் கொழும்பு ஏழில் பெரிய வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தேன். பெரும்பாலும் சரிதான். ஆனால் அந்த வருஷம் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர் ஓடினார். பெயர் யோகன்.

யோகனுக்கு அங்கே ஒரு சிறிய கராஜ். ஓட்டோவும் வானும் திருத்துகிற இடம். பல வருஷமாகப் பந்தயக்காரர்களின் கார்களுக்கு எஞ்சின் வேலை செய்து கொடுத்தவர். அந்தக் கனவான்களில் ஒருவருக்குச் சிகரட் கம்பனிதான் செலவு பார்த்தது. சட்டம் வந்து கம்பனி கையை எடுத்ததும் அவருக்குப் பந்தயத்தில் ருசி போய்விட்டது. காரை மலிவாக யோகனுக்குக் கொடுத்துவிட்டார். அதாவது நான் ஆதரித்த அதே தடைதான் அந்த மனிதரைக் கார்க் கண்ணாடிக்குப் பின்னால் உட்காரவைத்தது. இது எனக்குப் பிறகுதான் தெரியும்.

எங்கள் நாட்டில் வாகனம் கைமாறும் விதம் உங்களுக்குத் தெரியும். பெயர் மாற்றாமல் திறந்த பத்திரத்தில் வாங்குவது, பிறகு பார்ப்போம் என்று வருஷக்கணக்கில் ஓட்டுவது. யோகனும் அப்படித்தான். மலைநாட்டில் நடந்த மலையேற்றக் கார்ப் பந்தயத்துக்குப் பதிவு போனது பழைய உரிமையாளரின் பெயரில். காருக்குப் புதுப் பெயின்ற் அடிக்கவும் வசதி இல்லை. கதவு முழுக்கச் சிகரட் பெயர். நடத்துநர்கள் மறைக்கச் சொன்னதால் அதன்மேல் அகலமான டேப் ஒட்டிக்கொண்டு ஓடியிருக்கிறார். முதலாவது வளைவிலேயே காற்று டேப்பைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. யோகன் தன் காரின் வகையில் முதலாவதாக வந்தார்.

படம் ஞாயிறு பின்னேரம் வந்தது. எங்கள் மலைநாட்டு நிருபர் அனுப்பியது; ஓட்டியவரின் முகத்தை அவரும் பார்க்கவில்லை, பெயரைக் கூட வந்தவர்களிடம் கேட்டு எழுதியிருந்தார். கார் முடிவுக் கோட்டைத் தாண்டி மெல்ல உருள்கிறது. ஓட்டுநர் தலைக்கவசம் கழற்றவில்லை, வலது கையை வெளியே போட்டுக் கதவில் தட்டுகிறார். அந்தக் கையின் கீழே கதவு நீளத்துக்குச் சிகரட் பெயர். நல்ல படம். சந்தோஷம் அந்தக் கையிலேயே தெரிந்தது. நான் கையைப் பார்க்கவில்லை, எழுத்தைத்தான் பார்த்தேன்.

பக்கம் வடிவமைத்தவர் செல்வம். அவரும் கொட்டாஞ்சேனைக்காரர்தான், நிதானமான மனிதர். “அண்ணே, எழுத்த மட்டும் எடுத்துட்டுக் கதவுக் கலர அதுக்கு மேல இழுத்து விட்டுர்றேன். ஒருத்தருக்கும் தெரியாது” என்றார்.

“தெரியாட்டி என்ன பிரயோசனம்?” என்றேன். “கறுப்புக் கட்டம் ஒண்டு வையுங்கோ. நாங்கள் மறைச்சனாங்கள் எண்டு பேப்பர் பாக்கிற எல்லாருக்கும் தெரியோணும்.”

“கையும் மறையுதே அண்ணே.”

“மறையட்டும். முகமே தெரியேல்லை, கை தெரிஞ்சு என்ன?”

அன்று காலையில்தான் விளம்பர முகாமையாளரோடு ஒரு சண்டை முடிந்திருந்தது. உண்மையைச் சொன்னால், நான் அந்தக் கட்டத்தை வாசகருக்காக வைக்கவில்லை, சிகரட் கம்பனிக்காகவும் வைக்கவில்லை. திங்கள் காலையில் அந்த மனிதர் பேப்பரைப் பிரித்துப் பார்த்து முகம் சுருங்கவேண்டும், அவ்வளவுதான். செல்வம் தோளைக் குலுக்கிவிட்டு நான் சொன்னபடி செய்தார். படத்தின் கீழே “கொழும்பு யோகன் முதலிடம்” என்று ஒரு வரி போட்டேன். எதை மறைத்தோம், ஏன் மறைத்தோம் என்று ஒரு சொல் போடவில்லை. எல்லாருக்கும் விளங்கும் என்று நினைத்தேன்.

விளங்கியது. வேறு மாதிரி விளங்கியது.

உங்களில் பலர் அந்தக் காலத்தில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பீர்கள். முந்திய வருஷங்களில் போர்ச் செய்திகளைத் தணிக்கை அதிகாரி வெட்டுவார். வெட்டிய இடத்தை நிரப்ப நேரமில்லாமல் வெள்ளையாகவோ கறுப்பாகவோ விட்டு அச்சடிப்போம். எங்கள் வாசகர்கள் செய்தியை வாசிப்பதைவிட அந்த வெற்றிடத்தைக் கவனமாக வாசிப்பார்கள். பேப்பரை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பவர்களும் உண்டு. அப்படிப்பட்ட வாசகர்களிடம் கறுப்புக் கட்டம் போட்ட ஒரு தமிழனின் காரை நீட்டினால் என்ன நடக்கும்? இருபத்தைந்து வருஷம் இந்தத் தொழிலில் இருந்த எனக்கு அது தோன்றவில்லை பாருங்கள்!

திங்கள் காலையில் இருந்து தொலைபேசி ஓயவில்லை. “கார்ல என்ன எழுதியிருந்தவர்?” என்று ஒருவர். “ஆமி வெட்டினதோ, நீங்களாப் பயத்தில வெட்டினதோ?” என்று இன்னொருவர். சிகரட் பெயர் என்று சொன்னால் ஒருவரும் நம்பவில்லை. வெள்ளவத்தையிலிருந்து அழைத்த ஓய்வு பெற்ற கணக்காளர் ஒருவர் மிகவும் மரியாதையாக, “உங்களால சொல்ல ஏலாது எண்டு எனக்கு விளங்குது, நீங்கள் சிரமப்படாதேங்கோ” என்று சொல்லி வைத்தார். சலூன்களில் கதை வேறு மாதிரிப் போனதாம். யோகன் தன் ஊரின் பெயரைக் கதவில் எழுதிக்கொண்டு ஓடினார் என்று ஒரு சலூனில். இறந்துபோன தம்பியின் பெயர் என்று இன்னொரு சலூனில். யோகனுக்குத் தம்பியே கிடையாது. செல்வம் இதையெல்லாம் கேட்டு வந்து சொல்வார், சிரிப்பார். எனக்கு எரிந்து விழத்தான் தோன்றியது. ஒரு வரி விளக்கம் போட்டால் முடிந்திருக்கும். போய்த் தொலையட்டும், நாளைக்கு மறந்துவிடுவார்கள் என்று இருந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு விடியக் கொட்டாஞ்சேனையில் பொலிஸ் சுற்றிவளைப்பு. யோகனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். திங்கட்கிழமை அவருடைய மனைவி சுகந்தி காரியாலயத்துக்கு வந்தார். கையில் பிளாஸ்ரிக் உறை ஒன்று, அதற்குள் என்னுடைய பக்கத்தில் வெட்டிய படம்.

“அண்ணை, நீங்கள்தானோ இதைப் போட்டது?” என்று கேட்டார்.

நான்தான் என்றேன். அவர் நின்றபடியே சொன்னார். பொலிஸ் தேடுகிற ஆள் ஒருவரை, பிடித்ததற்கு முந்திய ஞாயிறு மத்தியானம், யோகன் ஓட்டோவில் ஏற்றி லொட்ஜ் ஒன்றில் கொண்டுபோய் விட்டாராம். பார்த்ததாக ஒருவன் சொல்லியிருக்கிறான். அந்த மத்தியானம் யோகன் மலையில் காரோடு நின்றார். அதை யார் சொல்வது? கூடப் போனவர்கள் இரண்டு பேரும் கராஜில் வேலை செய்பவர்கள், சாட்சி சொல்லப்போனால் தங்களையும் பிடிப்பார்கள் என்று மட்டக்குளியில் உறவினர் வீட்டில் ஒளிந்திருந்தார்கள். பந்தயம் நடத்தியவர்களிடம் கேட்டால் பட்டியலில் அந்தக் கனவானின் பெயர்தான் இருக்கிறது. கனவானிடம் கேட்டால், காரை விற்றுவிட்டேன், யார் ஓட்டினார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும், என் பெயரை இதில் இழுக்காதே என்கிறார்.

“அப்ப இந்தப் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினனான் அண்ணை. காட்டின பிறகுதான் கூடக் கரைச்சல்” என்றார் சுகந்தி. “கறுப்பைத் தொட்டுத் தொட்டுக் கேக்கினம். வெள்ளிக்கிழமை ஃபைல் மேல போகுதாம். போனால் தடுப்புக் காவல். பிறகு எங்க வச்சிருக்கினம் எண்டே சொல்லமாட்டினம்.”

அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் அழவில்லை. நான் பதில் சொல்லும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

செவ்வாய் காலை நான் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். பொறுப்பதிகாரி ஒரு இன்ஸ்பெக்டர். தமிழ் வாசிக்கத் தெரியாது, என்னோடு சிங்களத்தில் பேசினார். மரியாதையாகத்தான் நடத்தினார், கதிரை தந்தார். படத்தை மேசையில் வைத்துக் கறுப்புக் கட்டத்தில் பேனையால் தட்டினார். “மேக்க யட்ட மொனவத தியென்னே, மாத்தயா?” இதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேட்கிறார்.

சிகரட் கம்பனியின் பெயர் என்றேன். சட்டத்தைச் சொன்னேன். எங்கள் கொள்கையைச் சொன்னேன். வெளிநாடுகளிலும் பந்தயக் கார்களில் இதைத் தடைசெய்கிறார்கள் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து தன்னுடைய சிகரட் பெட்டியை எடுத்துப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அதே பெயர்.

“இதையா மறைத்தீர்கள்?” என்றார். “ஒவ்வொரு பெட்டிக்கடையிலும் தொங்குகிறது. இந்த யுத்தத்துக்கு நடுவில் ஒரு தமிழ்ப் பத்திரிகை உட்கார்ந்து சிகரட்டை மறைத்தது என்று நான் மேலிடத்துக்கு எழுதினால் என்னைப் பார்த்துச் சிரிக்கமாட்டார்களா?”

எனக்குக் கோபம் வந்தது. வந்து என்ன பயன்? அவர் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன். தலைக்கவசம் போட்ட ஒரு தலை, கதவு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு இருட்டு, கீழே அவருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் ஒரு பெயர். கறுப்பில்லாத படத்தைக் கொண்டுவாருங்கள், கூடவே பத்திரிகையின் கடிதத்தாளில் இதை யார் மறைத்தது, ஏன் மறைத்தது என்று எழுதி ஒப்பமிட்டுக் கொண்டுவாருங்கள், வெள்ளி மத்தியானத்துக்கு முன் என்று சொல்லி அனுப்பினார்.

வந்து செல்வத்திடம் மூலப் படத்தைக் கேட்டேன். அவர் கணினியில் தேடிப் பார்த்தார். பக்கம் முடிக்கும் அவசரத்தில் கறுப்புக் கட்டம் வைத்த படத்தை அதே பெயரில் சேமித்துவிட்டார், மூலம் அழிந்துவிட்டது. மலைநாட்டு நிருபரைப் பிடித்தேன். அவரும் கமராவின் மெமரி அட்டையில் இருந்ததை அழித்து அடுத்த வேலைக்குப் போய்விட்டார். “ஆனா அண்ணே, கொழும்புல ஒரு விளம்பரக் கம்பனி கேட்டாங்க, அவங்களுக்கும் ஒரு கொப்பி அனுப்பிவச்சேன்” என்றார் தயங்கித் தயங்கி. எந்தக் கம்பனி என்றேன். சிகரட் கம்பனிக்கு வேலை செய்த அதே விளம்பர நிறுவனம்.

அவர்களைத்தான் வாராவாரம் பத்தியில் கிழித்துக்கொண்டிருந்தேன். புதன்கிழமை கொள்ளுப்பிட்டியில் அவர்களுடைய குளிரூட்டிய அறையில் போய் உட்கார்ந்தேன். என்னைச் சந்தித்தவர் நல்ல தமிழ் பேசுகிற, நல்ல சட்டை போட்ட மனிதர். என் பத்திகளை எல்லாம் வாசித்திருப்பதாகச் சொன்னார், நான் நம்பினேன்.

“படம் இருக்கு, தாறன்” என்றார். “எங்களிட்ட வாங்கினது எண்டு மட்டும் ஒரு இடத்திலயும் சொல்லாதேங்கோ. சட்டம் வந்த பிறகு எங்கட ஆக்களுக்குக் கார் ரேஸோட ஒரு தொடர்பும் இல்லை.”

“தொடர்பில்லாட்டி ஏன் படங்களைச் சேக்கிறியள்?”

“எங்கையெங்கை பேர் தெரியுது எண்டு பாக்கிற பழக்கம், விடேல்லை” என்று சிரித்தார். “ஒண்டு சொல்லட்டோ, கோவிக்கப்படாது. அந்தப் படத்தை நீங்கள் அப்பிடியே போட்டிருந்தா ஒரு நாய் திரும்பிப் பாத்திருக்காது. நீங்கள் கறுப்பு வச்சதாலதான் கொழும்பில அரைவாசிச் சனம் கீழ என்ன பேர் எண்டு கதைச்சது. காசு குடுத்தும் எங்களால அப்பிடிச் செய்ய ஏலாது.”

படத்தை உறையில் போட்டுக் கொடுத்தார். பத்தியை நிறுத்தச் சொல்லுவார், ஏதாவது கேட்பார் என்று எதிர்பார்த்து ஆயத்தமாகப் போயிருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு நியாயமான சண்டையாவது பிடித்திருக்கலாம். அந்த மனிதரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் வருகிறது.

பஸ்ஸில் உறையைத் திறந்து பார்த்தேன். கையை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். யாரிடமோ இரவல் வாங்கிய பந்தய உடுப்பு, கை நீளம் போதாமல் முழங்கைக்கு மேலே சுருட்டியிருந்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை பெரிய தீக்காயத் தழும்பு. கைக்குப் பக்கத்தில், கதவின் மூலையில், அன்று காலை காரைப் பரிசோதித்துவிட்டு ஒட்டிய சீட்டு. அதில் திகதி தெளிவாகத் தெரிந்தது. ஒரு மனிதரைக் காப்பாற்றக்கூடிய இரண்டு விஷயங்கள் அந்தப் படத்தில் இருந்தன. இரண்டையும் நான் மறைத்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் என்ன நினைத்தாரோ தெரியாது, நான் வாய்விட்டே என்னைத் திட்டினேன்.

படம் கிடைத்தது. இனிக் கடிதம். அதற்குப் பத்திரிகை ஆசிரியர் ஒப்பவில்லை.

“நாங்கள் படத்தில கைவச்சனாங்கள் எண்டு கடிதத்தாளில எழுதிக் குடுக்கச் சொல்லுறீரோ?” என்றார். “வடக்கில குண்டு விழுந்த பள்ளிக்கூடத்துப் படம் போன மாதம் முன்பக்கத்தில போட்டனாங்கள். ‘உந்தப் பேப்பர் படங்களை மாத்துற பேப்பர், அவையே எழுதித் தந்திருக்கினம்’ எண்டு நாளைக்கு ஒருத்தன் உந்தக் கடிதத்தைத் தூக்கிக் காட்டினா நான் என்ன சொல்ல? பிறகு நாங்கள் போடுற ஒரு படத்தையும் ஒருத்தனும் நம்பமாட்டான்.”

அவர் சொன்னது பிழையில்லை. அதுதான் அந்த நாளின் கொடுமை. எங்கள் படங்களை நம்பித்தான் வடக்கில் நடப்பது கொழும்பில் பலருக்குத் தெரியவந்தது. அதைப் பாதுகாப்பது அவர் வேலை. ஆனால் உள்ளே இருப்பவரை நான் செய்த காரியம்தான் இறுக்குகிறது. வியாழன் பகல் முழுக்க அவருடைய அறைக்குப் போவதும் வருவதுமாக இருந்தேன். சட்ட ஆலோசனை கேட்கவேண்டும் என்றார். புதுக்கடை நீதிமன்றத்தில் எங்கள் சட்டத்தரணி வேறு வழக்கில் நின்றார். நிறுவன இயக்குநர்களிடம் கேட்கவேண்டும் என்றார். இயக்குநர்கள் திங்கட்கிழமைதான் கூடுவார்கள்.

“திங்கள் அவர் எங்க இருப்பாரெண்டு தெரியாது, சேர்” என்றேன்.

“எனக்கு விளங்காமலோ?” என்று அவர் கத்தினார். நானும் கத்தினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

அப்போது நான் ஒரு முடிவுக்கு வந்தேன். பத்திரிகை செய்தது என்று எழுதவேண்டாம், நான் செய்தேன் என்று எழுதுகிறேன் என்றேன். விளையாட்டுப் பக்கத்துக்குப் பொறுப்பான நான், யாரையும் கேட்காமல், என் சொந்த முடிவில், சிகரட் பெயரை மறைக்க ஒரு கறுப்புக் கட்டம் வைத்தேன், வேறு ஒன்றும் மாற்றவில்லை, மறைத்ததை வாசகருக்குச் சொல்லாதது என் தவறு. இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. இந்தக் கடிதத்தை யாராவது தூக்கிக் காட்டினால் என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டேன் என்று நீங்கள் சொல்லலாம் என்றேன்.

ஆசிரியர் “உமக்கு விசர்” என்றார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து கடிதத்தாள் ஒன்றை எடுத்து என் பக்கம் தள்ளினார். நான் பெரிய தியாகி என்று நீங்கள் நினைக்கவேண்டாம். ஒப்பமிட முன்னர் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். வீட்டில் இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளி காலை நானும் சுகந்தியும் போனோம். இன்ஸ்பெக்டர் கடிதத்தை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார். படத்தைக் கையில் எடுத்துச் சீட்டில் இருந்த திகதியைப் பார்த்தார். பிறகு யோகனைக் கொண்டுவரச் சொன்னார். ஐந்து நாளில் மனிதர் பாதியாகியிருந்தார். இன்ஸ்பெக்டர் எழுந்து போய் அவருடைய வலது சட்டைக் கையைத் தானே மேலே சுருட்டினார். படத்தைத் தழும்புக்குப் பக்கத்தில் பிடித்தார். இரண்டையும் மாறி மாறி ஒப்பிட்டார்.

“ஹரி” என்றார். சரி என்று அர்த்தம். அவ்வளவுதான் சொன்னார். பின்னேரம் விட்டார்கள்.

என் வேலை போகவில்லை. கடிதத்தை யாரும் தூக்கிக் காட்டவுமில்லை. விளம்பர முகாமையாளர் மட்டும் ஒரு மாதம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் தொண்டையைச் செருமினார். சிகரட் பெயர் பந்தயக் காரில் இருக்கக்கூடாது என்பதில் எனக்கு இன்றும் ஒரு மாற்றமும் இல்லை. தடை சரி. நான் நடைமுறைப்படுத்திய விதம்தான் பிழை. ஆகவே நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்: அந்தப் படம் தேவையில்லையென்றால் போடவே வேண்டாம். போட்டு மறைப்பதென்றால், எழுத்தை மட்டும் மறையுங்கள், எதை ஏன் மறைத்தோம் என்று கீழே ஒரு வரி எழுதுங்கள், மூலத்தை அழிக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னதாக, யாரை எரிச்சல்படுத்த இதைச் செய்கிறேன் என்று ஒரு தடவை உங்களையே கேளுங்கள். ஒரு பெயர் மனதில் வந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

இரண்டு மாதம் கழித்து யோகனின் கராஜுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், ஆனால் போனதும் விளக்கம் சொல்லத் தொடங்கிவிட்டேன். சட்டம், கம்பனிகளின் தந்திரம், பிள்ளைகள் காரைப் பார்த்துச் சிகரட்டைப் பழகுவது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு கழற்றிய எஞ்சினுக்கு முன்னால் குந்தியிருந்து கேட்டார். முடிவில், “அது சரி அண்ணை, நான் சிகரட் பத்துறேல்லை, எனக்கும் விருப்பமில்லை” என்றார். “ஆனா அண்டைக்கு நான் வெண்டனான். என்ர கையை ஏன் மறைச்சனீங்கள்?”

தலையை நிமிர்த்தியபோதுதான் சுவரைப் பார்த்தேன். பொலிஸில் காட்டிய, கறுப்பில்லாத அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். கதவு நீளத்துக்குச் சிகரட் பெயர், தெருவில் போகிறவருக்கும் தெரிகிற மாதிரி. பக்கத்தில் இன்னொரு சட்டத்தில் எங்கள் பத்திரிகையின் கடிதத்தாளில் நான் எழுதிய கடிதத்தின் பிரதி, அடியில் என் கையெழுத்து.

எனக்குத் தாங்கவில்லை. “தம்பி, கடிதம் இருக்கட்டும். அந்தப் பேருக்கு மேல மட்டும் ஒரு சின்னத் துண்டுக் கடதாசி ஒட்டிவிடுமன்” என்றேன்.

யோகன் எஞ்சின் பக்கம் திரும்பினார். தேத்தண்ணி கொண்டுவந்த சுகந்திதான் பதில் சொன்னார்.

“வேண்டாம் அண்ணை. போன கிழமையும் பொலிஸ் செக் பண்ண வந்தவை. உதைப் பாத்திட்டுப் பேசாமல் போயிட்டினம். இனி எங்கட வீட்டில ஒண்டையும் மறைக்கமாட்டம்.”

நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, படத்தைப் பார்க்காமல் வெளியே வந்தேன்.